சாட்சிக்காரன்

காரின் டாஷ்போர்டில் உள்ள விளக்குகளிலே பூடகமாகப் பேசுகிற விளக்கு ஒன்று உண்டு. மற்ற விளக்குகளெல்லாம் விஷயத்தைப் போட்டு உடைத்து விடுகின்றன. பெட்ரோல் விளக்கு எரிந்தால் பெட்ரோல் குறைந்து விட்டது. கதவு விளக்கு எரிந்தால் கதவு சரியாகச் சாத்தவில்லை. பெல்ட் போடாவிட்டால் ஒரு விளக்கு சிவக்கிறது. போட்டவுடன் சமாதானமாகி விடுகிறது. இவற்றிடம் வஞ்சகம் கிடையாது. ஆனால் எஞ்சினின் உருவத்தைக் கோட்டுச் சித்திரமாகத் தாங்கி மஞ்சள் நிறத்தில் எரிகிறதே ஒரு விளக்கு, அது மட்டும் "ஏதோ சரியில்லை" என்கிறது. என்ன சரியில்லை என்று கேட்டால் வாயைத் திறக்காது. கல்யாண வீட்டில் சம்பந்தி அம்மாள் முகத்தைத் திருப்பிக் கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல எரிந்து கொண்டே இருக்கும். குறை காப்பியிலா, பந்தியிலா, பட்டுப் புடவையிலா என்பதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த விளக்கு எரியத் தொடங்கியதும் மனிதர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுகிறார்கள். ஒன்று பயந்த கட்சி. இவர்கள் வண்டியை ஓரமாக நிறுத்தி, முகம் வெளுத்து, பாங்கிலே எவ்வளவு பணம் இருக்கிறது என்று மனக்கணக்குப் போட ஆரம்பிப்பார்கள். இன்னொன்று அலட்சியக் கட்சி. "விளக்குத்தானே? எரிந்து விட்டுப் போகட்டும். வண்டி ஓடுகிறதா இல்லையா?" என்பது இவர்களுடைய கொள்கை. அதிலும் வண்டி ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாக அமைந்து விட்டால் பயந்தவர்களுடைய பயம் இரட்டிப்பாகிறது. அலட்சியக்காரர்களுக்கு நேரும் நஷ்டமும் இரட்டிப்பாகிறது. இரண்டு கட்சிக்காரர்களையும் நான் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒருவர் எங்கள் தெருவாசி; மற்றவன் என் சொந்தத் தங்கையின் மகன். இவர்கள் இருவருடைய அனுபவத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, பழைய பழமொழி ஒன்றுக்குப் புதிய பொருள் எனக்குத் தோன்றிற்று. "சாட்சிக்காரன் காலில் விழுவதைக் காட்டிலும் சண்டைக்காரன் காலில் விழலாம்" என்பதுதான் அது.

பழமொழி இருக்கட்டும். முதலில் கியரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரணக் கியர் வண்டியில் நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியர் யார் என்றால், ஓட்டுகிறவருடைய இடது கையும் இடது காலுமே. கியர் விழும்போது 'கர்'ரென்றால் கைக்குத் தெரியும். கிளட்ச் தேய்ந்து விட்டால் காலுக்குத் தெரியும். முப்பது வருஷம் லாரி ஓட்டியவரிடம் கேட்டுப் பாருங்கள். கியர் பாக்ஸைத் திறக்காமலே உள்ளே எந்தப் பல் உடைந்திருக்கிறது என்று சொல்லி விடுவார். ஆட்டோமேட்டிக் வந்த பிறகு இடது காலுக்குப் பென்ஷன் கொடுத்தாகி விட்டது. இடது கைக்கும் பாதி நாள் லீவு. சுகந்தான், சந்தேகமில்லை. ஆனால் கையும் காலும் அறிந்து வைத்திருந்த சமாசாரங்களும் அவற்றோடு கூடவே ஓய்வு பெற்று விட்டன.

இந்தச் சுகத்தைப் பெரிய அளவில் விற்க ஆரம்பித்தவர்கள் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார். 1940-ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகளில் 'ஹைட்ரமாட்டிக்' என்ற பெயரில், கிளட்ச் பெடலே இல்லாத கியரை வைத்தார்கள். அதன் தத்துவத்தை விளங்கிக் கொள்ள இரண்டு மேஜை விசிறிகள் போதும். அவற்றை எதிரும் புதிருமாக வைத்து, ஒன்றை மட்டும் ஓட விட்டால், அதன் காற்றுப் பட்டு மற்றதும் சுற்ற ஆரம்பிக்கும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்துக் கொள்ளுங்கள். எஞ்சின் ஒரு விசிறியைச் சுற்றுகிறது; எண்ணெய் அடுத்த விசிறியைத் தள்ளுகிறது. அதற்குப் பின்னால் உள்ள பற்சக்கரங்களை, கியர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கும் சின்னச் சின்னக் கிளட்சுகள் பிடித்தும் விட்டும் முதல் கியர், இரண்டாவது கியர் என்று மாற்றுகின்றன. எப்போது மாற்றுவது என்பதையும் அந்தக் காலத்தில் எண்ணெயின் அழுத்தமே தீர்மானித்தது. 1980-களிலிருந்து மெல்ல மெல்ல அந்த அதிகாரம் கணினியின் கைக்குப் போயிற்று.

இன்றைக்கு ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் பல வகைகள் உலாவுகின்றன. 2014-இல் மாருதியின் செலேரியோ வண்டியோடு நம் நாட்டில் மலிவாகப் பரவிய வகை, உண்மையில் சாதாரணக் கியர் பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் மட்டும் ஒரு யந்திரம் செய்கிறது. பெல்ட்டும் கப்பியுமாக இயங்குவது மற்றொரு வகை. இரண்டு கிளட்சு வைத்தது இன்னொரு வகை. நான் சொல்லப் போகிற இரண்டு வண்டிகளும் எண்ணெய் விசிறி வைத்த பழைய வம்சத்தைச் சேர்ந்தவை.

கணினி இந்தக் கியர் பாக்ஸை எப்படிக் கண்காணிக்கிறது? உள்ளே நுழைகிற தண்டு நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று ஒரு சென்சார் சொல்கிறது. வெளியேறுகிற தண்டு எத்தனை சுற்று என்று இன்னொரு சென்சார் சொல்கிறது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். ஒரு வண்டியின் இரண்டாவது கியருக்கு உரிய விகிதம் 1.5 என்று வைத்துக் கொள்வோம். உள்ளே 3,000 சுற்று என்றால் வெளியே 2,000 வர வேண்டும். 1,700-தான் வருகிறதென்றால் நடுவில் எங்கேயோ வழுக்குகிறது. இதைத் தவிர எண்ணெயின் சூடு, லீவர் இருக்கும் இடம், எண்ணெயை வழி திருப்புகிற சொலினாய்டுகளின் மின்சாரம் எல்லாம் அதன் கணக்கில் உண்டு. கணக்கு உதைத்தால் அந்த உதைப்புக்கு ஓர் எண்ணைக் குறித்து வைக்கிறது. மஞ்சள் விளக்கை ஏற்றச் சொல்கிறது.

நம்முடைய கியர் பாக்ஸின் மேல் கரிசனம் கொண்டு யாரோ இந்த விளக்கை வைத்தார்கள் என்று நினைத்து விடக் கூடாது. விளக்கின் பூர்வீகமே வேறு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஒரு புகைமூட்டம் கண்ணைக் கரிக்கச் செய்து கொண்டிருந்த காலம். அன்னாசிப் பழத்தின் வாசனைக்கு என்ன காரணம் என்று ஆராய்ந்து கொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்னும் விஞ்ஞானி, அதை நிறுத்தி வைத்து விட்டு ஊர்க்காற்றின் வாசனையை ஆராயத் தொடங்கினார். மோட்டார் வண்டிகளின் புகையும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் ஆவியும் வெயிலில் கலந்து இந்தக் கோலம் செய்கின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் எடுத்துக் காட்டினார். பிற்பாடு கலிபோர்னியாவில் காற்று வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. அந்த வாரியம்தான், 1988-ஆம் வருஷ மாடல் முதல், வண்டி தன் புகைக் கோளாறைத் தானே கண்டறிந்து விளக்கைக் காட்ட வேண்டும் என்று விதித்தது. 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியான சாக்கெட்டும் ஒரே மாதிரியான எண்களும் கட்டாயமாயின. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் நான்கு விதிகளுக்கு உட்பட்ட கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் இந்த ஏற்பாடு முழுமையாக வந்தது.

ஆகவே, இந்த விளக்கு பிறந்தது ஊர்க்காற்றைக் காப்பாற்ற. கியர் கெட்டால் எஞ்சின் வீணாக உழைத்து அதிகப் புகை கக்கும் என்பதால்தான் கியர் விவகாரத்திலும் அது தலையிடுகிறது. புகையைப் பாதிக்காத கோளாறுகளைப் பற்றி அதற்கு அக்கறை கிடையாது. கியர் பாக்ஸிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழலாம். 'டி'யில் போட்டு இரண்டு விநாடி கழித்து வண்டி திடுக்கென்று கிளம்பலாம். சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே முனகல் கேட்கலாம். விளக்கு எரியாமலே இருக்கும். விளக்கு எரியவில்லை என்பதால் வண்டிக்கு நோய் இல்லை என்று ஆகிவிடாது.

இனி எண்களுக்கு வருவோம். 1980-களில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் இரண்டு முனைகளை ஒரு கம்பியால் இணைத்தால் அந்த விளக்கே கண் சிமிட்டி எண்ணைச் சொல்லும். ஒரு சிமிட்டல், ஓர் இடைவெளி, பிறகு இரண்டு சிமிட்டல் என்றால் 12. இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் இருக்கும் பக்கம் தடவிப் பார்த்தால் பதினாறு துளைகள் கொண்ட சாக்கெட் ஒன்று அகப்படும். அதில் ஸ்கேனரைச் செருகினால் எண் வந்து விடும். 'பி' என்று தொடங்கினால் எஞ்சின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்து பூஜ்யம் என்றால் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவானது. ஒன்று என்றால் அந்தக் கம்பெனியின் சொந்தச் சங்கேதம். மூன்றாவது இடத்தில் 7 வந்தால் கியர் பாக்ஸ் விவகாரம்.

இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை பி-0700. வண்டிக்குள்ளே எஞ்சினுக்கு ஒரு கணினியும் கியருக்கு ஒரு கணினியும் இருப்பது வழக்கம். கியர்க் கணினி தன் வீட்டில் ஒரு கோளாறைக் கண்டால், அதன் விவரத்தைத் தன் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்துக் கொண்டு, எஞ்சின் கணினிக்கு "விளக்கை ஏற்று" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறது. எஞ்சின் கணினி தன் புத்தகத்தில் பி-0700 என்று குறித்துக் கொண்டு விளக்கை ஏற்றுகிறது. அந்த எண்ணுக்கு அர்த்தம், "கியர்க்காரர் வீட்டில் ஏதோ தகராறு, விவரத்தை அங்கே போய்க் கேட்டுக் கொள்ளவும்" என்பதுதான். வேறு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் சொல்லும் சாட்சி. சண்டைக்காரன் உள்ளே இருக்கிறான்.

மலிவான ஸ்கேனர்கள் பல, எஞ்சின் கணினியோடு மட்டுமே பேசத் தெரிந்தவை. அவை பி-0700 என்று படித்து விட்டு நின்று விடும். அந்த இடத்திலேதான் பணம் கைமாறுகிறது.

எங்கள் தெருவாசி என்று சொன்னேனே, அவர் முன்சீபாகத் தொடங்கிச் சப்-ஜட்ஜாக ஓய்வு பெற்றவர். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனவர்; கிளட்சை மிதிக்க முடியாது. அதற்காகவே 2014-இல் ஓர் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். அவருடைய மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிஸிஸ். அதிகாலையில் அழைத்துக் கொண்டு போய், மத்தியானம் துவண்டு போன மனைவியைப் பின்னுக்குச் சாய்த்த முன் ஸீட்டில் படுக்க வைத்து, மெதுவாக ஓட்டிக் கொண்டு வருவார். வாடகைக் கார் கிடைக்காத ஊரா சென்னை? கிடைக்கும். ஆனால், "இவளை இன்னொருவன் பிரேக் போட்டுக் குலுக்கக் கூடாது, சார்" என்பார். அந்த வண்டி அவர்களுக்கு வாகனம் மட்டுமல்ல என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

2024 ஆடி மாதத்தில் ஒருநாள் அந்த வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. சிக்னலில் நின்று கிளம்பும்போது மலையைத் தள்ளுகிற மாதிரி திணறிற்று. மூன்றாவது கியரைத் தவிர வேறு எதற்கும் போக மறுத்தது. கோளாறைக் கண்ட கணினி, கியர் பாக்ஸுக்கு மேலும் சேதம் வரக் கூடாது என்று ஒரே கியரில் பூட்டி, வீடு போய்ச் சேரும் அளவுக்கு மட்டும் ஓட விடுவது உண்டு. நொண்டி நடை. ஆனால் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அது உயிர் போகிற மாதிரித்தான் இருக்கும்.

பெயர் பெற்ற பழுது பார்க்கும் நிலையம் ஒன்றில் விட்டார். அவர்கள் ஸ்கேனரைச் செருகினார்கள். பி-0700. "கியர் பாக்ஸ் போய்விட்டது, சார். முழுவதும் மாற்ற வேண்டும். ஒரு லட்சத்து எழுபத்தையாயிரம் ஆகும்" என்றார்கள். ஜட்ஜ் வீட்டுக்கு வந்து பென்ஷன் கணக்கையும் மருந்துக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்துக் கொண்டிருந்தபோது நான் போய்ச் சேர்ந்தேன். வண்டியை வந்த விலைக்குத் தள்ளி விடுவதா, பிக்ஸட் டெபாசிட்டை உடைப்பதா என்ற கட்டத்தில் இருந்தார்.

மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் பாய் ஒருவர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். ஆட்டோமேட்டிக் கியர் வேலை மட்டும்தான் செய்வார். பணத்தைக் கட்டுவதற்கு முன் அவரிடம் ஒரு தடவை காட்டி விடலாம் என்றேன். மறுநாள் டயாலிஸிஸ் முடிந்து திரும்பும் வழியில் மூவருமாகப் போனோம்.

பாய் ஸ்கேனரை எடுக்கவில்லை. முதலில் பாட்டரியின் முனைகளில் மீட்டரை வைத்துப் பார்த்தார். "கரண்டு குறைஞ்சா கம்ப்யூட்டருக்குப் புத்தி பேதலிச்சுப் போகுமுங்க. இல்லாத கோளாறெல்லாம் எழுதி வைக்கும்" என்றார். பாட்டரி சரியாக இருந்தது. பிறகு எஞ்சினை ஓட விட்டு, கியர் எண்ணெயின் அளவுக் குச்சியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்தார். துணியில் சிவப்புக் கறை விழுந்தது. மூக்கருகில் வைத்து முகர்ந்தார். "கருகல் வாடை இல்லை. உள்ளே கிளட்சு எரிஞ்சிருந்தா இந்த எண்ணெய் கறுத்து, அடுப்பிலே தீஞ்ச வாடை அடிக்கும். இதுலே இல்லையே!" என்றார்.

அதற்குப் பிறகுதான் ஸ்கேனர் வந்தது. அது கியர்க் கணினியோடும் பேசத் தெரிந்த ஸ்கேனர். அந்தப் புத்தகத்தில் எழுதியிருந்த எண் பி-0720. வெளியே செல்லும் தண்டின் வேகத்தைச் சொல்லும் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்று அதற்குப் பொருள். பாய் 'மின்சுற்று' என்ற வார்த்தையில் நின்றார். "பாத்தீங்களா ஐயா, சென்சார் கெட்டுப் போச்சுன்னு இது சொல்லலை. அந்த வழியிலே எங்கேயோ தப்புன்னுதான் சொல்லுது. சென்சாரா இருக்கலாம், ஒயரா இருக்கலாம், கப்ளரா இருக்கலாம். எல்லாத்தையும் விட்டுட்டு முழுக் கியர் பாக்ஸையும் எதுக்கு மாத்தணும்?"

ஜட்ஜுக்கு அந்த நிமிஷத்தில் பழைய நாற்காலி ஞாபகம் வந்து விட்டது. "போலீஸ் ஸ்டேஷனிலே எழுதின எஃப்.ஐ.ஆரைப் படித்து விட்டு நேரே தீர்ப்புச் சொன்ன மாதிரியல்லவா இருக்கிறது! விசாரணையே நடக்கவில்லையே!" என்றார்.

பாய் முன் ஸீட்டின் பக்கம் குனிந்தார். "அம்மா, நீங்கதான் கூடவே வர்றீங்க. வண்டியிலே வேற ஏதாச்சும் வித்தியாசமாக் கவனிச்சீங்களா?" என்று கேட்டார்.

கண்ணை மூடிக் கொண்டிருந்த அம்மாள் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "வேகம் காட்டுகிற முள் இருக்கிறதே, அது அப்பப்போ பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்து மறுபடி எழுந்திருக்கும். வண்டி ஓடிக் கொண்டுதான் இருக்கும். ஒரு மாசமாக இப்படித்தான்."

பாய் சிரித்தார். அந்த வண்டியில் வேகம் காட்டும் முள்ளுக்கும் செய்தி அதே சென்சாரிலிருந்துதான் போகிறது. கியர் வழுக்கினால் முள் இப்படி விழாது. செய்தி அறுந்தால்தான் விழும். வண்டியைத் தூக்கி நிறுத்திக் கீழே போய் ஒயரை அசைத்தார். மேலே பையன் ஸ்கேனரைப் பார்த்துக் கொண்டிருந்தான். ஒயர் அசைந்தபோதெல்லாம் எண் பூஜ்யமாயிற்று. கப்ளரைக் கழற்றினால் உள்ளே பித்தளை ஊசிகள் பச்சையாகப் பூத்திருந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் சக்கரம் முழுகத் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்து விட்டது. கப்ளருக்குள் புகுந்த ஈரம் வடியவில்லை. ஏழு மாதம் கழித்துத் தன் வேலையைக் காட்டியிருக்கிறது.

கப்ளரை மாற்றி, எண்ணை அழித்து, அசோக் நகர் வரையில் ஓட்டிப் போய்த் திரும்பி, மறுபடியும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார் பாய். புத்தகம் காலி. சென்சாரைக் கூட மாற்றவில்லை. கூலியும் சாமானுமாக 1,800 ரூபாய். ஜட்ஜ் கூடுதலாகக் கொடுக்கப் போனதை அவர் வாங்கிக் கொள்ளவில்லை.

இந்தக் கதையைக் கேட்டு விட்டு, "பார்த்தீர்களா? விளக்கு சும்மா பயமுறுத்துகிறது" என்று அலட்சியக் கட்சிக்காரர்கள் கொடி பிடித்துக் கிளம்பி விடக் கூடாது. அவர்களுக்கென்று என் தங்கை மகன் இருக்கிறான்.

பெங்களூரில் உத்தியோகம். தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வாங்கி அந்தப் பதினாறு துளைச் சாக்கெட்டில் செருகி வைத்திருந்தான். அது எண்ணைக் கைபேசிக்கு அனுப்பி விடும். அவனுடைய ஸ்கேனர் கியர்க் கணினியோடும் பேசத் தெரிந்ததுதான். முதலில் பி-0741 வந்தது. எண்ணெய் விசிறிகள் இரண்டையும் நெடுஞ்சாலை வேகத்தில் ஒன்றாகப் பூட்டும் கிளட்ச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கைபேசியில் 'அழி' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினான். விளக்கு அணைந்தது. பத்து நாளில் மறுபடி எரிந்தது. மறுபடி அழித்தான். இப்படியே மூன்று மாதம் விளக்கும் அவனும் கண்ணாமூச்சி ஆடினார்கள். பிறகு பி-0730 வந்தது. கியர் விகிதம் தவறு; கணக்கு உதைக்கிறது; உள்ளே வழுக்குகிறது. அதையும் அழித்தான்.

எண்ணை அழிக்கும்போது எண் மட்டும் போவதில்லை. கோளாறு நேர்ந்த கணத்தில் வேகம் என்ன, எஞ்சினின் சூடு என்ன, பாரம் எவ்வளவு என்று கணினி பிடித்து வைத்திருந்த படமும் சேர்ந்து போய் விடுகிறது. சாட்சியின் வாயைப் பொத்தியதோடு மகஜரையும் கிழித்துப் போட்டாயிற்று.

சேலத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்து விட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளோடு பெங்களூருக்குத் திரும்பிக் கொண்டிருந்தான். தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த எஞ்சின் அலறிற்று, வண்டி நகரவில்லை. பின்னால் பாரம் ஏற்றிய லாரிகள் வரிசையாக ஏறி வந்து கொண்டிருந்தன. எப்படியோ ஓரத்துக்கு ஒதுக்கினான். லாரி டிரைவர் ஒருவர் இறங்கி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்துக் கொடுத்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு போனில் பேசிய என் தங்கைக்குக் குரல் எழும்பவில்லை.

கியர் பாக்ஸைத் திறந்தபோது எண்ணெய் தார் மாதிரி இருந்ததாம். கிளட்ச் தகடுகளின் மேற்பூச்சு கரைந்து எண்ணெயோடு கலந்து எல்லா வழிகளையும் அடைத்திருந்தது. அந்தப் பூட்டும் கிளட்ச் வழுக்கும்போது சூடு உண்டாகிறது. சூட்டில் எண்ணெய் கெடுகிறது. கெட்ட எண்ணெய் மற்றக் கிளட்சுகளையும் கெடுக்கிறது. மாம்பலத்துப் பாயிடம் இதைச் சொன்னேன். "முதல் தடவை விளக்கு எரிஞ்சப்பவே எண்ணெயை முகர்ந்து பார்த்திருந்தா, ஒரு சொலினாய்டோட போயிருக்கலாமுங்க" என்றார்.

ஒருவரிடம் விளக்கு சொன்னது ஒயர்க் கோளாறு. அதைக் கியர் பாக்ஸின் மரணம் என்று வாசித்தார்கள். இன்னொருவனிடம் சொன்னது கியர் பாக்ஸின் நோய். அவன் வாசிக்கவே இல்லை. இரண்டு இடத்திலும் விளக்கு பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த மட்டும் சொல்லிற்று. மேலே விசாரிக்க வேண்டியது மனிதருடைய வேலை. எஞ்சினில் ஸிலிண்டர்கள் சரியாக எரியாவிட்டால் வண்டி குலுங்கும்; ஓட்டுகிறவர் கியர் உதைக்கிறது என்பார். ஆனால் எண் பி-0300 என்று எஞ்சினைக் காட்டும். கியரின் கணினியும் எஞ்சினின் கணினியும் பேசிக் கொள்ளும் ஒயர் அறுந்தால் யூ-0101 என்று வரும். கியர் பாக்ஸ் கல்லுக் குண்டாக இருக்கும். பேச்சு வார்த்தைதான் முறிந்திருக்கும்.

எனவே மஞ்சள் விளக்கு எரிந்தால் அதன் காலில் விழவும் வேண்டாம். கறுப்புக் காகிதம் ஒட்டி மூடவும் வேண்டாம். அது நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிக் கொண்டு போய்க் காட்டலாம். சிமிட்டிச் சிமிட்டி எரிந்தால், எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குள் போய் அங்கே உள்ள விலையுயர்ந்த சுத்திகரிப்பானைச் சுட்டுக் கொண்டிருக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்துச் சீக்கிரம் நிறுத்த வேண்டும். சிவப்பு விளக்கு எதுவானாலும் அப்போதே ஓரம் கட்ட வேண்டும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் விளக்கு அணைந்திருப்பதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. நேற்று ராத்திரி எண்ணை அழித்திருந்தால், கணினி தன் சுயபரீட்சைகளை இன்னும் முடிக்கவில்லை என்று ஸ்கேனர் காட்டிக் கொடுத்து விடும்.

பழுது பார்ப்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கணினியில் என்ன எண் இருந்தது? அந்த எண்ணுக்குக் காரணம் இன்னதுதான் என்று எதைச் சோதித்து முடிவு செய்தீர்கள்? சரி செய்த பின் ஓட்டிப் பார்த்து மறுபடி படித்தீர்களா? நல்ல தொழிலாளி இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக் கொள்ள மாட்டார். தன்னைப் போல ஒருவர் வந்திருக்கிறார் என்று சந்தோஷப்படுவார்.

நான்காவதாக, உங்களையே கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பக்கத்து ஸீட்டில் இருப்பவரைக் கேட்டாயிற்றா? சப்-ஜட்ஜ் தம் உத்தியோகத்தில் ஆயிரக்கணக்கான சாட்சிகளை விசாரித்தவர். அவருடைய மனைவி இன்றைக்கும் டயாலிஸிஸ் முடிந்து வருகிற களைப்பிலும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்: "முள் விழுந்து விழுந்து எழுந்ததை ஒரு மாசமாகப் பார்த்துக் கொண்டுதான் இருந்தேன். என்னை யார் கூண்டில் ஏற்றினார்கள்?"